எந்தப் போனைத் தேடி ஓடி வருகிறார்கள்

அனோஜினியும் அவளுடைய அப்பா யேசுரட்ணமும் சேர்ந்து செய்த கடைசி வேலை, பதினொரு அன்ரன்களைப் பிரித்து வைத்தது.

2009 நவம்பர் முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சகல புனிதர் திருநாள் பூசை முடிந்து லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டுக்கு வந்து, சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டு, மேசையைத் துடைத்தாயிற்று. துடைத்த இடத்தில் இரண்டு போன்கள். ஒன்று யேசுரட்ணத்தின் பழைய நோக்கியா. ஐந்தாம் இலக்கம் தேய்ந்து எழுத்தே இல்லை. மற்றது அனோஜினி வாங்கிக் கொடுத்த புதிய அன்ட்ரொய்ட். பழையதில் இருக்கும் இருநூற்றுப் பதினெட்டுப் பெயர்களைப் புதியதற்கு ஏற்ற வேண்டும். பெயர்களை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் காவுவதுதான் அனோஜினியின் தொழில். கம்பனியில் அதற்கென்றே அவள் மென்பொருள் எழுதியிருந்தாள். அழுத்தினாள். மூன்று நிமிடத்தில் முடிந்தது.

"இருநூற்றெட்டு," என்றார் யேசுரட்ணம். "பத்துப் பேரைக் காணேல்லை."

"இருக்கும், அப்பா."

"இருந்தா எண்ணிக்கை வரும். எங்க?"

தேடிப் பார்த்தாள். யாரும் தொலையவில்லை. பதினொரு அன்ரன்கள் ஒரே அன்ரனாகியிருந்தார்கள்.

மன்னார்க் கத்தோலிக்கரின் போனில் அன்ரன் ஒருவர் மட்டும் இருப்பது நடக்காத காரியம். யேசுரட்ணம் பதினொரு பேரையும் வெறும் அன்ரன் என்றே பதிந்து வைத்திருந்தார். தகப்பன் பெயர், ஊர், தொழில் ஒன்றும் கிடையாது. பழைய போன் பதிந்த வரிசையிலேயே காட்டியதால் அவருக்குக் குழப்பமில்லை.

"மூண்டாவது அன்ரன் பைப் வேலைக்காரன். அஞ்சாவது ஃபாதரை ஏத்தி இறக்கிறவர். எட்டாவது அன்ரனை எடுக்கக்கூடாது."

"ஏன்?"

"எடுத்தா வைக்கமாட்டான்."

மென்பொருளுக்கு இது தெரியாது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் அது ஒரே ஆள், சேர்த்துவிடு என்று அதற்குச் சொல்லப்பட்டிருந்தது.

"ஆர் இந்தச் சட்டத்தை எழுதினது?"

"நான்தான்."

"ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை எழுதுற சட்டமே இது? இது ஒரு ஆள் இல்லை, பிள்ளை. எங்கட கோயில்ச் சனத்தில அரைவாசி."

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா லூர்தம்மா சிரித்தாள். மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சட்டத்துக்காக அலுவலகத்தில் அனோஜினியைப் பாராட்டியிருந்தார்கள். சோதித்துப் பார்த்த பெயர்ப் பட்டியலில் ஒரு அன்ரன்தான் இருந்தார்.

அவள் இலக்கத்தை வாசிக்க, அவர் ஆளைச் சொல்ல, ஒவ்வொருவராகப் பிரித்தார்கள். அன்ரன் பைப். அன்ரன் கார். அன்ரன் கிளாரினெட். அன்ரன் எடுக்காதே. நாலரை மணியாகிவிட்டது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

*

யேசுரட்ணம் மன்னார்ப் பேசாலைக்காரர். ஒன்பது வருடம் ஜெர்மனியில், டோர்ட்முண்டில், தொழிற்சாலையில் சலவை இயந்திரங்களுக்குக் கதவு பொருத்தினார். பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது, ஆங்கிலமும் வந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்வாள் என்று யாரோ சொன்னார்கள். 1998இல் வீட்டைக் கிளப்பிக்கொண்டு லண்டன் வந்தார். மூன்று வருடம் கண்ட வேலையும் பார்த்தார். பிறகு தெற்கு லண்டனில் ஒரு பஸ் கராஜில் தொலைந்த பொருள் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. நேர்முகத்தில், இந்த வேலைக்கு உங்களிடம் என்ன அனுபவம் இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு நாடு விட்டு வந்தவன், தொலைப்பதில் அனுபவம் உண்டு என்றார். வேலை கிடைத்தது.

அவருடைய கவுண்டருக்குள், ரப்பர் முத்திரைகளுக்குப் பின்னால், அந்தோனியார் படம் ஒன்று இருந்தது. காணாமல்போன பொருளைக் கண்டெடுத்துத் தருகிற புனிதர். அலுவலகச் சுவரில் சாமிப் படம் கூடாது என்று மேற்பார்வையாளர் முதலில் சொன்னார். இது சாமிப் படமில்லை, இவர் எங்கள் பிரிவின் மூத்த ஊழியர் என்றார் யேசுரட்ணம். பேச்சு அதோடு முடிந்தது.

குடை, திறப்புக் கொத்து, பொய்ப்பல், கூறைச்சேலைப் பெட்டி எல்லாம் வந்தன. ஒருமுறை ஒற்றை ஊன்றுகோல் வந்தது. அதை ஊன்றி ஏறியவர் எப்படி இறங்கிப் போனார் என்று யேசுரட்ணம் ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் அதை அந்தோனியார் செய்த புதுமைகளின் கணக்கில் போட்டுக்கொண்டார்.

2007 வாக்கில் குடைகளைப் போன்கள் முந்தின. சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க, போனில் "மம்" என்றோ "ஹோம்" என்றோ இருக்கிற இலக்கத்துக்கு அடிப்பார்கள். நம் சனத்தின் போன் என்றால் மற்ற ஊழியர்கள் கையை விரித்து அவரிடம் தள்ளிவிடுவார்கள். அதில் "அம்மா" என்று ஆறு இருக்கும். அம்மா வீடு, அம்மா புது, அம்மா கனடா, அம்மா பழசு, அம்மா அடிக்காதே, அம்மா ஒறிஜினல். யேசுரட்ணம் எப்போதும் ஒறிஜினலுக்கே அடிப்பார்.

அந்த வருடம் நவம்பரில் ஐபோன் லண்டனில் விற்பனைக்கு வந்தது. இரண்டு வாரத்தில் முதலாவது ஐபோன் கவுண்டருக்கு வந்தது. நாற்பது நிமிடத்தில் அதன் சொந்தக்காரனும் வந்தான். மழையில் குடையில்லாமல், கோட்டின் ஒரு கை மட்டும் போட்டபடி ஓடி வந்தான். போனைக் கொடுத்ததும் அதைக் கன்னத்தோடு வைத்து அழுத்தினான். அதே மேசையில் நான்கு நாளாக ஒரு நோக்கியா கிடந்தது. அதுவும் விலை கூடிய போன், அதுவும் இணையம் பார்க்கக்கூடியது. அதன் சொந்தக்காரர் சனிக்கிழமை பிள்ளைகளோடு வந்து, சாவகாசமாக வாங்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் யேசுரட்ணம் மகளிடம் சொன்னார்.

"பிள்ளை, உங்கட சிம்பியன் தோக்கும்."

அனோஜினிக்குச் சிரிப்பு வந்தது. பல நோக்கியா போன்களுக்குள் ஓடுகிற இயங்குதளம் சிம்பியன். அவளுடைய கம்பனி, சதர்க்கில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் நாற்பது பேர், அதற்குத்தான் மென்பொருள் செய்தது. உலகத்தில் விற்கிற புத்தியுள்ள போன்களில் பாதிக்கு மேல் சிம்பியன்.

"அப்பா, ஒரு ஐபோன், ஒரு நோக்கியா. ரெண்டே ரெண்டை வைச்சுச் சொல்லுறீங்கள்."

"எத்தினை வேணும்?"

"ஐந்நூறாவது வேணும்."

"கொண்டு வாறன்," என்றார் யேசுரட்ணம்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் மகளுக்கு ஒரு மெசேஜ் வரும். N2 B1 I1. நோக்கியா இரண்டு, பிளாக்பெரி ஒன்று, ஐபோன் ஒன்று. அவள் அலுவலக மேசையிலிருந்தே ஒரு எக்செல் தாளில் அதை ஏற்றுவாள். கண்டெடுத்த நேரம், தேடி வந்த நேரம், இரண்டுக்கும் இடையில் எத்தனை மணி. ஒரு மாதம் கழித்து, தாளில் மேலிருந்து கீழே இன்னொரு நிரல் வேண்டும் என்றார்.

"வாறவற்ற முகம்."

"முகத்தை எப்பிடி அப்பா எக்செல்ல போடுறது?"

"ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும். ஒண்டு எண்டா குடை எடுக்க வந்த முகம். அஞ்சு எண்டா மடு மாதா திருவிழாவில பிள்ளையைத் துலைச்ச முகம்."

"அது விஞ்ஞானமில்லை."

"எட்டு மணித்தியாலம் முகத்தைத்தான் பாக்கிறன். உன்ர விஞ்ஞானி எவன் அவ்வளவு பாத்தவன்?"

நிரல் சேர்ந்தது.

இந்த ஆராய்ச்சிக்கு எதிரியும் ஒருவர் இருந்தார். பக்கத்து மிட்ச்சம் பகுதியில் கடை வைத்திருக்கும் சற்குணம். பாரிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஞாயிறு பின்னேரங்களில் முருங்கைக்காயோடு வருவார். அவருடைய கடையில் அரிசி, பருப்பு, போன் அட்டை, போன் உறை எல்லாம் உண்டு.

"அண்ணை, உங்கட முறை பிழை," என்றார் ஒரு ஞாயிறு. "துலைச்சவனைப் பாத்து என்ன தெரியும்? அவன் கவனமில்லாதவன். கவனமானவன் என்ர கடைக்கு வந்து உறை வாங்குறான். எந்தப் போனுக்கு உறை போகுதோ அதுதான் நிலைக்கும்."

"எதுக்குப் போகுது?"

"ஐபோனுக்கு."

"அப்ப எனக்கும் உனக்கும் ஒரே விடை. பிறகேன் கத்துறாய்?"

"விடை ஒண்டுதான், அண்ணை. வழி என்ர வழிதான் சரி."

"ரெண்டு பேருக்கும் விசர்," என்றாள் லூர்தம்மா. "அடுப்படியில நிண்டாலும் மணி கேக்கிற போன்தான் நிலைக்கும். உங்கட புதுப் போன் ஒண்டும் கேக்குதில்லை."

மறுக்க யாருக்கும் ஆதாரம் இருக்கவில்லை.

தாள் நீண்டது. பிளாக்பெரிக்காரர் மறுநாள் காலை கோட்டும் டையுமாக வந்து, அலுவலகத்துக்குக் காட்ட ஒரு ரசீதுத் துண்டு கேட்டார்கள், முகம் இரண்டு. விண்டோஸ் போன்காரர் போனோடு வந்த சின்னப் பேனையும் கிடைத்ததா என்று கேட்டார்கள். பேனைக்கு மூன்று, போனுக்கு இரண்டு. நோக்கியாக்காரர் சனிக்கிழமை வந்தார்கள். ஐபோன்காரர் சராசரியாக இரண்டு மணி பத்து நிமிடத்தில் வந்தார்கள், முகம் நான்கரை. அனோஜினி ஒவ்வொரு மாதமும் ஒரு ஓட்டையைச் சுட்டிக் காட்டினாள். புதுப் போன், அதனால் ஓடி வருகிறார்கள். விலை கூடினது, அதனால் ஓடி வருகிறார்கள். அவர் ஒன்றுக்கும் அசையவில்லை.

"நீ உன்ர கம்பனிக்காக வாதாடுறாய், பிள்ளை. எனக்கு ஒரு போன் கம்பனியும் இல்லை."

*

2009 செப்டெம்பரில் வாதம் விளையாட்டாக இல்லாமல் போனது.

கம்பனியில் அனோஜினியின் முகாமையாளர் ஹெலன் அவளைக் கூப்பிட்டு இரண்டு வழி காட்டினார். சிம்பியன் குழுவுக்குத் தலைவியாக இருக்கலாம். நிரந்தர வேலை, கீழே ஒன்பது பேர். அல்லது புதிதாகத் தொடங்குகிற அன்ட்ரொய்ட் குழுவுக்குப் போகலாம். அங்கே இரண்டே பேர், ஆறு மாத ஒப்பந்தம். சரிவராவிட்டால் ஆறாவது மாத முடிவில் வேலையே இல்லை. அதற்குப் போவதென்றால் அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று வந்து சொல்ல வேண்டும். நவம்பர் பதினாறாம் திகதிக்குள் முடிவு.

அந்த வருடம் லண்டனில் வேலையை விடுகிறவர்கள் குறைவு. அனோஜினிக்கு இருபத்தேழு வயது. அப்பா இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு.

"தாள் என்ன சொல்லுது?" என்று கேட்டார் யேசுரட்ணம்.

அறுநூற்றுப் பதினொரு போன். அனோஜினி வாசித்தாள். ஐபோன் முதலாவது. சிம்பியன் நாலாவது. கடைசி அன்ட்ரொய்ட். மொத்தமே பதினாறுதான் வந்தது. அதில் ஒன்பதுக்கு ஒருவரும் வரவில்லை.

"வராத போனுக்கு என்ன முகம் போடுறது?" என்று கேட்டாள்.

"பூச்சியம். அங்க போகாதை. தேட ஆளில்லாத பொருளுக்கு எதிர்காலம் இல்லை."

அவள் சிம்பியனில் இருந்துவிடுவதென்று பாதி தீர்மானித்தாள். மீதிப் பாதியை ஒக்டோபர் நடுவில் ஒரு போன் அழைப்பு குழப்பியது.

பதினேழாவது அன்ட்ரொய்ட், லூயிஷாம் பஸ் ஒன்றின் மேல்தட்டில் கிடைத்தது. திறந்து பார்த்தால் ஐந்து அம்மாக்கள். யேசுரட்ணம் ஒறிஜினலுக்கு அடித்தார். அம்மா மகனுடைய புது இலக்கத்தைக் கொடுத்தார். பெடியனுக்குக் கௌசிகன் என்று பெயர்.

"தம்பி, உங்கட போன் எங்களிட்ட இருக்கு."

"ஓ, தாங்ஸ் அங்கிள். அது வேண்டாம். எறிஞ்சு விடுங்கோ."

"எறியிறதோ?"

"புதுசு எடுத்திட்டன் அங்கிள். அண்டைக்கே. மெயில் விலாசத்தைப் போட்டன், எல்லாம் தன்ர பாட்டில வந்திட்டுது. பேர், நம்பர் எல்லாம்."

"அஞ்சு அம்மாவும் வந்திட்டினமோ?"

"வந்திட்டினம் அங்கிள்."

எறிவதற்கும் ஒரு படிவம் உண்டு. ரோஸ் நிறத் தாள், சொந்தக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். யேசுரட்ணம் விலாசத்தை வாங்கி எழுதினார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்று சொன்னார்.

"ஒருத்தன் தன்ர போன் வேண்டாம் எண்டு சொல்லுறான், பிள்ளை. எட்டு வருசத்தில இப்பிடி ஒருத்தன் சொன்னதில்லை. பொய்ப்பல்லுக்குக்கூட வந்தவை."

அனோஜினி கையில் இருந்த தேநீரை வைத்துவிட்டாள். வராத ஒன்பது பேரும் அக்கறையில்லாமல் வராமல் இருக்கவில்லை. அவர்களுக்கு வர வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, அந்தப் போனில பேர் எல்லாம் போனுக்குள்ள மட்டும் இல்லை. வேற இடத்தில ஒரு பெரிய கொம்பியூட்டரில இருக்கு. போன் துலைஞ்சாலும் பேர் துலையாது."

யேசுரட்ணம் யோசித்தார். "அப்ப அங்க ஒரு தொலைந்த பொருள் ஒபிஸ் இருக்கு."

"ஓம். ஆனா அங்க ஒண்டும் துலையிறேல்லை."

"அப்ப அந்தோனியாருக்கும் வேலை இல்லை. எனக்கும் இல்லை." பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினார். "நான் ரெண்டு வருசமாத் தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறன். ஆரும் தேடி வராத போன்தான் வெல்லும்."

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

"உன்ர கம்பனி பேர் காவுறது. பேர் தன்ர பாட்டில போனா, நீ அங்க போய் என்னத்தைக் காவுவாய்?"

அதுதான் ஹெலனின் கேள்வியும். மூழ்கப் போகிற கப்பலில் தலைவி. அல்லது புதுக் கப்பலில் வேலையில்லாத பயணி. ஒக்டோபர் முழுவதும் அவள் வெள்ளைத் தாளோடு அலுவலகம் போய் வெள்ளைத் தாளோடு திரும்பினாள்.

எக்செல் தாள் பொய்யா மெய்யா என்று தெரிய ஒரே வழி, தானே அந்தப் போனை வைத்துப் பார்ப்பது என்றார் யேசுரட்ணம். அதனால்தான் அவருடைய கைக்கு அந்தப் புதுப் போன் வந்தது. அதனால்தான் நவம்பர் முதலாம் திகதி மேசையில் பதினொரு அன்ரன்கள்.

*

நாலரை மணிக்குப் பட்டியல் சரியானது. இருநூற்றுப் பதினெட்டு. யேசுரட்ணம் மேலிருந்து கீழே விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு பழைய போனை எடுத்தார்.

"பேர் வந்திட்டுது. மெசேஜ்?"

"அது வராது, அப்பா."

"ஏன்?"

"பேர் மட்டும்தான் போகும். மெசேஜ், படம் எல்லாம் போனோடதான். புதுப் போனிலயும் அப்பிடித்தான். அது துலைஞ்சா அதுக்குள்ள இருக்கிற மெசேஜும் துலைஞ்சுது."

"இதில உன்ர அம்மா அனுப்பினது நானூறு கிடக்கு."

"என்னவாம்?"

"பாண் முடிஞ்சுது. பால் முடிஞ்சுது. வேளைக்கு வாங்கோ. ஒண்டில மட்டும், மழை வருது குடை இருக்கோ எண்டு. அது 2006ஆம் ஆண்டு." அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "காதல் கடிதம் அது ஒண்டுதான்."

"குடை ஒபிசில வேலை செய்யிற மனிசனிட்டக் குடை இருக்கோ எண்டு கேட்டனான் பாருங்கோ," என்றாள் லூர்தம்மா உள்ளே இருந்து.

யேசுரட்ணம் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப அந்த லூயிஷாம் பெடியன்?"

"எந்தப் பெடியன்?"

"எறியச் சொன்னவன். எல்லாம் வந்திட்டுது எண்டானே."

"பேர் வந்ததைப் பாத்திருப்பான், அப்பா."

"ஓம். வந்ததைப் பாத்திட்டான். வராதது என்னெண்டு ஆர் பாக்கிறது?" அவர் போனை மேசையில் வைத்தார். "பிள்ளை, திறப்புக்கும் பேர்சுக்கும் உடன ஓடி வருவினம். புத்தகத்துக்குள்ள வைச்ச ஒரு படத்துக்கு மூண்டு மாதம் கழிச்சு வருவினம். அதுவரைக்கும் நினைவே வராது. வந்து கவுண்டரில நிண்டு அழுவினம். நாங்கள் அதுக்குள்ள எறிஞ்சிருப்பம். அந்தப் பெடியனுக்கு என்ன துலைஞ்சதெண்டு அவனுக்கு இன்னும் தெரியாது."

அனோஜினிக்கு, ஒரு மாதமாக வெள்ளையாகக் கிடந்த தாளில் யாரோ ஒரு வரி எழுதியது போலிருந்தது. மடிக்கணினியைத் திறந்து எக்செல் தாளை எடுத்தாள்.

"உங்கட தாளில ஒரு நிரல் குறையுது, அப்பா."

"என்ன நிரல்?"

"நினைவு வாற நாள்."

அவருக்குப் பிடித்துவிட்டது. "போடு. பதினேழாவது போனுக்கு என்ன எழுதுவாய்?"

"நீங்கள் சொல்லுங்கோ."

"இன்னும் இல்லை எண்டு எழுது."

எழுதினாள். மெசேஜ்களை எடுக்க ஒரு சின்ன மென்பொருள் எழுதிப் பார்க்கலாம் என்றாள். அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றார் அவர். ஏழு மணிக்கு அன்ரன் எடுக்காதே அழைத்தார். புதுப் போனில் பெயர் பெரிதாக விழுந்தது. யேசுரட்ணம் அதை மகளிடம் பெருமையாகக் காட்டினார். பிறகு பழக்கதோஷத்தில் விரல் பட்டு எடுத்துவிட்டார். எட்டரை வரை கதைத்தார்.

*

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு, ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். அறுபத்து மூன்று வயது.

புதன்கிழமை அடக்கப் பூசை. கோயில் நிறைந்தது. பஸ் கராஜிலிருந்து பதினான்கு பேர் சீருடையோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். மேற்பார்வையாளர் அந்தோனியார் படத்தைக் கடிதவுறை ஒன்றில் போட்டுக் கொண்டுவந்து லூர்தம்மாவிடம் கொடுத்தார். மூத்த ஊழியர், என்றார். அவளுக்கு விளங்கவில்லை. அனோஜினிக்கு விளங்கியது. சற்குணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி யாரோடும் கதைக்காமல் திரிந்தார். இனி யாரோடு சண்டை பிடிக்கிறது என்று ஒருமுறை மட்டும் சொன்னார். சவப்பெட்டி காவிய ஆறு பேரில் மூன்று பேர் அன்ரன்.

பதினாறாம் திகதி அனோஜினி வேலைக்குப் போனாள். இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொள் என்றார் ஹெலன். வேண்டாம் என்றாள்.

அன்ட்ரொய்ட் குழுவுக்குப் போகிறேன் என்றாள். அங்கே பெயர் காவத் தேவையில்லை. பெயர் தானே போகும். போகாதது மெசேஜும் படமும். அதைக் காவலாம். ஆட்கள் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் தொலைத்தது தெரிவதற்கு அவர்களுக்கு மூன்று மாதம் எடுக்கும். அதற்கு முன்னால் நாங்கள் செய்து வைக்க வேண்டும்.

"இதற்கு ஏதாவது ஆய்வு இருக்கிறதா?" என்று ஹெலன் கேட்டார்.

"அறுநூற்று ஐம்பத்திரண்டு போன்," என்றாள் அனோஜினி. தாளைத் திறந்து காட்டினாள். ஹெலன் ஒவ்வொரு நிரலாகப் பார்த்து வந்து, முகம் என்ற நிரலில் நின்றார். இது என்ன என்று கேட்டார். அனோஜினி விளங்கப்படுத்தினாள். திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த முகம் வரும்வரை குரல் சரியாக இருந்தது.

ஹெலன் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அன்ட்ரொய்ட் குழு மூன்று பேரானது.

அந்த வாரச் சனிக்கிழமை லூர்தம்மா வேலைக் கோட்டைத் தோய்க்க எடுத்தாள். உள் பையில் ஏதோ தடித்தது. மகளைக் கூப்பிட்டாள்.

பழுப்பு நிறக் கடிதவுறை. அதற்குள் பதினேழாவது போன். சார்ஜரை வளையமாகச் சுற்றி ரப்பர் பட்டி போட்டிருந்தார். கடிதவுறையின் மேல் கௌசிகனுடைய லூயிஷாம் விலாசம். அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தில் சில வரிகள்.

வெள்ளி வேலை ஓஃப். பிரிக்ஸ்டனில் மாறி P4 பஸ். எறிய வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மெசேஜ், படம் இதற்குள் இருக்கிறது, முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் கையெழுத்து வாங்க வேண்டும்.

ரோஸ் நிறப் படிவமும் நாலாக மடித்து உள்ளே இருந்தது. திகதி, பஸ் இலக்கம், கண்டெடுத்த இருக்கை, போனின் நிறம் எல்லாம் நிரப்பியிருந்தார். சொந்தக்காரர் கையெழுத்து என்ற கோட்டின் மேல், எந்த இடம் என்று பெடியனுக்குத் தெரிவதற்காக, பென்சிலால் X போல ஒரு சிறிய புள்ளடி போட்டிருந்தார்.